அடைபட்ட வளியும் கரையோர வாழ்வும்
கல்முனைப் பிரதேசத்தின் தொழிற்காப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு பிரதேசத்தின் வரலாறு எனும்போது ஆட்சியாளர், குடியேற்றம், நிலவுடைமை, வழிபாட்டிடங்களின் தோற்றம் ஆகியவற்றையே நாம் முதலிற் கருதுகின்றோம். மக்கள் அன்றாடம் கையாண்ட கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அக்கருவிகளாற் காயமுறாது வாழ அவர்கள் கற்றுக்கொண்ட முறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. இவ்விரண்டாவது வரலாறு ஏட்டில் ஏறுவது அரிது. விபத்து நேர்ந்தால் அது செய்தியாகின்றது. நேராமற் காத்த அறிவோ வாய்மொழியாகவே வந்து, அதை அறிந்தவருடன் மறைந்துவிடுகின்றது.

இக்கட்டுரை அத்தகைய அறிவின் ஒரு கூற்றை நோக்குகின்றது. அமுக்கப்பட்ட வளியும் வாயுவும் அடைபட்டிருக்கும் கருவிகள் அம்பாறைக் கரையோரத்தின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களுக்கு எவ்வாறு வந்தன, அவற்றை ஆபத்தின்றிக் கையாளும் முறை எவ்வாறு கற்கப்பட்டது, அக்கல்வி எங்கே தடைப்பட்டது என்பனவே நாம் ஆராயவிருக்கும் வினாக்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் ஊர்களையும், வயல்களை அண்டிய சம்மாந்துறையையும் இங்கு ஒரே தொழிற் பிரதேசமாகக் கொள்கின்றோம். நெல்லும் மீனும் நெசவும் இப்பிரதேசத்தின் முப்பெருந் தொழில்கள் என்பது யாவரும் அறிந்ததே.

நாம் நிறுவ விழையும் கருத்து எளிமையானது. அமுக்கம் கண்ணுக்கும் செவிக்கும் புலப்படும் கருவியில், கையாள்பவரே தம் காப்புக்குப் பொறுப்பாளராக இருந்தார். அமுக்கம் புலனுக்கு எட்டாத கருவி வந்தபோது அப்பொறுப்பு அவர் கையை விட்டு நீங்கியது. ஆயின் அது வேறெவர் கையிலும் உறுதியாகச் சென்று சேரவில்லை.

துருத்தியும் ஊதுகுழலும்

வளியை அமுக்கி வேலை வாங்குதல் இக்கரையோரத்துக்குப் புதியதன்று. கொல்லுலைத் துருத்தியும் பொற்கொல்லரின் ஊதுகுழலும் அதனையே செய்தன. மண்வெட்டியும் கத்தியும் அரிவாளும் வேண்டிய உழவுச் சமூகத்தில் கொல்லன் பட்டறை இன்றியமையாதது. துருத்தியில் அமுக்கம் தேங்குவதில்லை. கை நின்றால் வளியும் நின்றுவிடும். சேமிக்கப்படாத அமுக்கம் வெடிப்பதில்லை.

ஆபத்து தொடங்குவது அமுக்கம் ஒரு கலத்தினுள் சேமிக்கப்படும்போதுதான். வளியின் கனவளவைப் பாதியாக்கினால் அதன் அமுக்கம் இரட்டிக்கும் என்பதை உள்ளடக்கிய விதியை ரொபேட் பொயில் 1662இல் வெளியிட்டார். அவ்விதியின் நடைமுறைப் பொருள் யாதெனில், அடைபட்ட வளி சுருட்டி வைக்கப்பட்ட வில் போன்றது என்பதாம். கலம் உடையும் கணத்தில், அதனுட் செலுத்தப்பட்ட உழைப்பில் பெரும்பகுதி ஒருங்கே வெளிப்படும். அத்தகைய கலம் ஒன்று இக்கரையோர மக்களின் வாழ்வில் ஆழப் பதிந்தது விளக்கின் உருவிலாகும்.

காஸ் விளக்கு

ஊர்மக்கள் ‘காஸ் லைட்’ என்றும் ‘பெற்றோமக்ஸ்’ என்றும் வழங்கிய விளக்கு உண்மையில் மண்ணெண்ணெய் விளக்கே. பேர்லினில் இயங்கிய ஏரிக் – கிறெற்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மக்ஸ் கிறெற்ஸ் என்பாரின் பெயரும் ‘பெற்றோலியம்’ என்ற சொல்லும் இணைந்து பிறந்த பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இவ்விளக்கு ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் மின்சாரம் எட்டாத ஊர்களெங்கும் பரவியது. பிற நிறுவனங்கள் செய்த விளக்குகளுக்கும் அப்பெயரே நிலைத்தது.

இதன் இயக்கத்தைச் சிறிது விரித்துரைத்தல் அவசியம். அடியிலுள்ள தொட்டியில் மண்ணெண்ணெய் இருக்கும். கைப்பம்பியால் வளியைச் செலுத்த, அவ்வமுக்கம் எண்ணெயைக் குழாய்வழி மேலே தள்ளும். சூடேறிய குழாயில் எண்ணெய் ஆவியாகி, நுண்துளையினூடாகப் பாய்ந்து, வளியுடன் கலந்து, ‘மென்டில்’ எனப்படும் வலையினுள் எரியும். ஒளியைத் தருவது சுவாலையன்று, வெண்சூடேறிய வலையே. கார்ள் அவர் பொன் வெல்ஸ்பாக் என்ற ஒஸ்திரிய இரசாயனவியலார் 1885இல் இவ்வலைக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றார். பின்னர் தோரியம் ஒட்சைட்டு 99 வீதமும் சீரியம் ஒட்சைட்டு 1 வீதமும் கலந்த கலவையே சிறந்ததெனக் கண்டார்.

இவ்விடத்தில் இலங்கைக்கு உள்ள தொடர்பு ஒன்றும் குறிப்பிடத்தக்கது. இந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் கண்டெடுத்த கனிப்பொருள் ஒன்று, பின்னர் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. தோரியத்துக்கு அக்காலத்திருந்த பெருந்தேவை விளக்கு வலைகளே. கலை வரலாற்றறிஞராக நாம் போற்றும் ஒருவரின் பெயர் கல்யாண வீட்டு விளக்கின் வரலாற்றிலும் இடம்பெறுவது வியப்புக்குரியது. தோரியம் சிறிதளவு கதிர்வீச்சுடையது. ஆதலின் உடைந்த வலையின் தூளை ஊதித் தள்ளுவதும் மூச்சில் எடுப்பதும் தகாதன. அக்காலத்தில் அது அறியப்படவில்லை. பின்னாளில் பல நிறுவனங்கள் தோரியத்தை விடுத்து வேறு மூலகங்களைப் பயன்படுத்தலாயின.

மின்னொளி பரவாத காலத்தில் இப்பிரதேசத்தின் இரவு வாழ்வு இவ்விளக்கைச் சார்ந்திருந்தது. கல்யாண ஊர்வலம், களிகம்பு ஆட்டம், நோன்புக் கால இரவுத் தொழுகை, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றக் கந்தூரி ஆகியவற்றின் வெளிச்சம் இதுவே. கரைவலை இழுத்து மீன் பகிரும் மணலிலும், சூடடிக்கும் களத்திலும் இது எரிந்தது. களத்துக்கென மட்டக்களப்பு உழவர் தனிமொழி ஒன்றைப் பேணினர். நெல்லை ‘பொலி’ என்றே அங்கு அழைத்தல் வேண்டும். அத்துணைப் பக்தியோடு நடந்த தொழிலின் நடுவே, உலர்ந்த வைக்கோலுக்கு அண்மையில், அமுக்கத்திலிருக்கும் எண்ணெய்த் தொட்டி தொங்கிற்று. எனவே விளக்கைப் பற்றவைப்பது எவரும் செய்யக்கூடிய வேலையாகக் கருதப்படவில்லை. சிறுவர் சுற்றி நின்று பார்ப்பர்; கைவைப்பவர் பழகிய ஒருவரே.

அப்பழக்கத்தில் அடங்கியிருந்த விதிகளைத் தொகுத்து நோக்குவோம். தொட்டியை விளிம்புவரை நிரப்பலாகாது. வளி நிற்க இடம் விடவேண்டும். எண்ணெயை வடிதட்டிட்ட புனலால் ஊற்றவேண்டும். தூசு நுண்துளையை அடைக்கும். ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைப் போதிய அளவு சூடாக்கிய பின்னரே எண்ணெயை விடவேண்டும். சூடு போதாவிடின் எண்ணெய் ஆவியாகாது திரவமாகவே பீறிட்டுப் புகையும் தீயுமாக எழும். அமுக்கமானியின் செங்கோட்டைத் தாண்டிப் பம்பலாகாது. எரியும் விளக்கையோ சூடு தணியாத விளக்கையோ நிரப்பலாகாது. மூடியைத் திறக்குமுன் வளித் திருகைத் தளர்த்தி, ‘உஸ்’ என்ற ஒலி முற்றாக அடங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். கடற்கரையில் நீர்த்திவலை படாமற் பார்க்கவேண்டும். சூடேறிய கண்ணாடி வெடித்துவிடும். கதவடைத்த அறையில் எரியவிட்டு உறங்கலாகாது. காபனோரொட்சைட்டு மணமின்றிக் கொல்லும். உறங்குமுன் விளக்கை அணைக்குமாறு நபிமொழி அறிவுறுத்துவதை இம்மக்கள் நன்கறிவர். அவ்வறிவுரை எண்ணெய் விளக்குக் காலத்துக்குப் போலவே இவ்விளக்குக்கும் பொருந்திற்று.

எல்லாவற்றினும் தலையாய விதி, மண்ணெண்ணெயுடன் பெற்றோல் கலக்கலாகாது என்பதாகும். இவ்விதியின் காரணத்தை நோக்கின் விளக்கின் உண்மையான ஆபத்து எதிலிருந்தது என்பது புலப்படும். செங்கோட்டளவில் தொட்டியில் இருப்பது வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ இரு மடங்கு மேலமுக்கமே. அவ்வளியின் சக்தி சிறிது. ஆனால் அது எண்ணெயை நுண்துளியாகச் சிதறச் செய்யவல்லது. மண்ணெண்ணெய் சாதாரண வெப்பநிலையில் எளிதிற் பற்றாது. பெற்றோலின் ஆவியோ சிறு பொறியிலும் பற்றும். அமுக்கம் விசையைத் தந்தது. எண்ணெய் தீயைத் தந்தது.

இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்விளக்கு தன் நிலையைத் தானே அறிவித்தது. அமுக்கமானி கண்ணுக்குக் காட்டியது. ஒலி செவிக்குச் சொன்னது. வலையின் வெண்மை மங்கினால் அமுக்கம் குறைந்தது என்றும், செஞ்சுவாலை எழுந்தால் சூடு போதாது என்றும் எழுத்தறியாதவரும் அறிந்தனர். எனவே பார்த்துப் பழகுவதே போதிய கல்வியாயிற்று. 1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பின்னரும், அதனையடுத்த போர்க்கால மின்வெட்டுக்களின்போதும் பரணிலிருந்து இறக்கப்பட்ட விளக்குகளுடன் இவ்வறிவும் மீண்டும் இறங்கி வந்தது எனலாம்.

அணைக்கட்டும் சட்டமும்

விளக்கு வீட்டுக்குரியதாயின், பேரளவு அமுக்க வளி இப்பிரதேசத்தின் மேற்கெல்லைக்கு வந்தது கல்லோயாத் திட்டத்துடனாகும். பட்டிப்பளையாறு எனத் தமிழர் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் பணி 1949இல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டமூலம் நிறுவப்பட்டது. அணை கட்டும் பொறுப்பை மொறிசன் – நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் ஏற்றது. இத்திட்டத்தின் குடியேற்ற, அரசியல் விளைவுகள் பலராலும் ஆராயப்பட்டுள்ளன. அம்பாறை தனி மாவட்டமாக 1961இல் பிரிக்கப்பட்டமையும் அவ்வரலாற்றின் ஒரு படியே. நாம் இங்கு நோக்குவது அதன் தொழில்நுட்பப் பக்கத்தை மட்டுமே.

பாறையைத் துளைத்து வெடிவைக்கும் வேலையில் அமுக்க வளித் துளைகருவி உலகெங்கும் நிலைபெற்றது அல்ப்ஸ் மலையின் மொன் செனிஸ் சுரங்கப் பாதையினால் ஆகும். 1857இல் தொடங்கி 1871இல் நிறைவுற்ற அப்பாதையில் ஜேர்மெய்ன் சொமெய்யே 1861 முதல் வளித் துளைகருவிகளைப் பயன்படுத்தினார். அதன்பின் பெரிய அணைக்கட்டு, சுரங்க வேலைகளில் அமுக்கி இயந்திரமும் நீண்ட இறப்பர்க் குழாயும் நீங்கா இடம் பெற்றன. கழன்ற குழாய் பாம்பெனச் சுழன்றடிக்கும் ஆபத்தும், உலர் துளையிடலால் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலை இறுகச் செய்யும் நோயும் அக்கருவியுடனேயே வந்தவை. முன்னதற்கு இணைப்பைச் சங்கிலியாற் பிணைத்தலும், பின்னதற்கு நீர் பாய்ச்சித் துளைத்தலும் மாற்றாகக் கண்டறியப்பட்டன.

சட்டமும் ஏறத்தாழ இதே காலத்தில் வந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் காயமுற்றபின் கிடைக்கும் ஈட்டைப் பற்றியது. காயமுறாமற் காப்பதைப் பேசியது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமாகும். இது 1950இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 1937ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டத்தை அடியொற்றிய இது, நீராவிக் கொதிகலனுக்குப் போலவே வளித்தாங்கிக்கும் தனி ஏற்பாடுகளைக் கொண்டது. பாதுகாப்பான வேலை அமுக்கம் கலத்தின்மீது தெளிவாகப் பொறிக்கப்படல், திருத்தமான அமுக்கமானி, காப்பு வால்வு, அடியில் தேங்கும் நீரை வடிக்கும் வழி, தகுதியுடைய ஒருவரால் குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படல் ஆகியவை இத்தகைய சட்டத்தின் சாரம்.

இவ்வேற்பாடுகளுள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விபத்தின் நினைவு என்பதை மறத்தலாகாது. ஆயினும் சட்டம் நோக்கியது தொழிற்சாலையை. தம் வளவில், தம் பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் நடத்தும் பட்டறையைப் பரிசோதகரின் கண் எளிதில் எட்டுவதில்லை. கல்முனைப் பிரதேசத்தில் அமுக்க வளி பெரும்பாலும் அத்தகைய பட்டறைகளிலேயே குடிகொண்டது.

பட்டறையும் ஆலையும்

நெற்செய்கை பெருகவே உழவு இயந்திரம், லொறி, நெல் குற்றும் ஆலை ஆகியன பெருகின. அவற்றைப் பழுதுபார்க்கும் கராச்சுக்களும் டயர்க் கடைகளும் பிரதான வீதியின் இருமருங்கும் எழுந்தன. வளித்தாங்கி அங்கு வந்து சேர்ந்தது. காற்றை ‘இறாத்தல்’ கணக்கிற் கேட்பது இன்றும் வழக்கு. சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்பதன் சுருக்கம் அது. பட்டறைத் தலைவரை ‘பாஸ்’ என்பர். பாஸின் சொல்லே பயிற்சி நூல்.

வளித்தாங்கியின் ஆற்றலை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 100 லீற்றர் கொள்ளளவுள்ள தாங்கியில் வளிமண்டலத்தினும் 8 மடங்கு மேலமுக்கத்தில் வளி இருப்பின், அது திடீரென விரியும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ ஓர் இலட்சம் யூல் ஆகும். 50 கிலோகிராம் நெல் மூட்டையை 200 மீற்றர் உயரத்துக்குத் தூக்க அது போதும். அதே தாங்கியில் அதே அமுக்கத்தில் நீர் மட்டும் நிறைந்திருப்பின், நீர் அமுங்காத தன்மையுடையதாகையால், சேமிக்கப்படும் சக்தி அதே மூட்டையை 3 சென்ரிமீற்றர் அளவே தூக்கவல்லது. புதிய கலத்தையும் திருத்திய கலத்தையும் நீரால் நிரப்பிச் சோதிக்கவேண்டும், வளியாற் சோதித்தலாகாது என்ற விதியின் நியாயம் இவ்விரு எண்களின் வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

கரையோரத்துக்கே உரிய ஆபத்து துருவாகும். வளி அமுங்கிக் குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகித் தாங்கியின் அடியில் தேங்கும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் மிகுந்த ஊரில் இது விரைந்து நிகழும். வெளியே வர்ணம் பளிச்சிட, உள்ளே இரும்பு தாளளவாய்த் தேயும். ஆகவே நாள்தோறும் அடித்திருகைத் திறந்து நீரை வடித்தல் சிறிய வேலையாயினும் உயிர்காக்கும் வேலை. கசிவு கண்ட இடத்தில் ஒட்டுப் போட்டுத் தொடர்ந்து பாவிப்பதும், காப்பு வால்வு அடிக்கடி திறக்கின்றதென அதனை இறுக்கிக் கட்டுவதும் விபத்துக்கு வித்திடுவன. காப்பு வால்வு திறப்பது குறையன்று. அது தன் கடமையைச் செய்கின்றது.

லொறி டயரின் பூட்டு வளையம் சரியாக அமராத நிலையிற் காற்றடித்தால், நூறு இறாத்தல் அளவில் அது சக்கரத்தை விட்டு எறியப்படும். இரும்புக் கூண்டினுள் வைத்தோ, நீண்ட குழாயால் பக்கவாட்டில் விலகி நின்றோ காற்றடிப்பதே முறை. வேலை முடிந்ததும் உடையிலுள்ள தூசை அமுக்க வளியால் ஊதுவது பட்டறைகளில் பரவலான பழக்கம். கண்ணைக் குருடாக்கவும், தோற்காயத்தினூடே உடலுட் புகவும் வல்லது அது. விளையாட்டாக ஒருவர் உடலை நோக்கிக் குழாயைப் பிடிப்பது கொலைக்கு ஒப்பானது.

வாயு ஒட்டுவேலை இன்னும் கவனத்தை வேண்டுவது. கல்சியம் காபைட்டில் நீர் படும்போது பிறக்கும் அசற்றிலீன், 15 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்தில் வளியின் துணையின்றியே சிதைந்து வெடிக்கும் இயல்பினது. ஆதலாலேயே உருளையில் அது நுண்துளைப் பொருளில் ஊறிய அசற்றோனிற் கரைக்கப்பட்டு அடைக்கப்படுகின்றது. உருளையைச் சாய்த்துப் பாவித்தால் அசற்றோனும் வெளியேறும். எனவே அது நிமிர்ந்தே நிற்கவேண்டும். வெளிச்ச வீடுகளுக்கான அசற்றிலீன் சாதனங்களால் 1912இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டு குஸ்தாவ் டாலேன், அவ்வாண்டிலேயே அவ்வாயு பற்றிய பரிசோதனையொன்றில் நேர்ந்த வெடிப்பால் பார்வையை இழந்தார். அவ்வாயுவை உலகில் எவரினும் நன்கறிந்தவருக்கே அது நேர்ந்தது என்பது எம் பட்டறைகளிற் சொல்லப்படவேண்டிய செய்தி.

ஒக்சிசன் எரிவதில்லை, ஆயினும் எண்ணெயும் கிறீசும் பட்ட கையால் அதன் திருகைத் தொடலாகாது. உயர் அமுக்க ஒக்சிசனில் எண்ணெய் தானே பற்றும். வெறுமையான எண்ணெய்ப் பீப்பாயை ஒட்டவரும்போது அது வெறுமை என நம்புவதும் தவறு. நிறைந்த பீப்பாயினும் ஆவி நிறைந்த பீப்பாயே கொடியது. நீர் நிரப்பி ஆவியை வெளியேற்றாது அதனிற் சுடர் படலாகாது.

மீனைக் காக்கும் பனிக்கட்டி ஆலைகளில் அமோனியா அமுக்கப்படுகின்றது. அதன் காரநெடி மிகச் சிறு கசிவையும் அறிவித்துவிடும். அவ்வகையில் அது காஸ் விளக்கின் இனத்தைச் சேர்ந்தது. தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது. இன்றைய அரிசி ஆலைகளிலோ நிறம் பிரிக்கும் இயந்திரம் பழுதான அரிசியை வளித்தாரையால் மணி மணியாகத் தள்ளுகின்றது. இதற்கெனப் பெரிய வளித்தாங்கிகள் ஆலைகளில் நிறுவப்படுகின்றன. துருத்தியில் தொடங்கிய வரலாறு, மறுபடியும் உழவரின் நெல்லருகே வந்து நிற்கின்றது.

சமையலறை உருளை

வளித்தாங்கி பட்டறையோடு நின்றது. எரிவாயு உருளையோ வீட்டினுட் புகுந்தது. விறகும் தென்னோலையும் எரித்த அடுப்படிகளில், புகையிலிருந்து பெண்களுக்கு விடுதலை தந்த சாதனம் அது என்பதை முதலிற் கூறவேண்டும். அதன் நன்மையை மறுப்பது எம் நோக்கமன்று.

உருளையினுள் இருப்பது புரப்பேனும் பியூற்றேனும் கலந்த திரவமாக்கிய வாயு. 30 பாகை செல்சியசில் பியூற்றேனின் ஆவியமுக்கம் வளிமண்டலத்தின் ஏறத்தாழ 3 மடங்கு. புரப்பேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 11 மடங்கு. கலவையில் புரப்பேன் கூடினால் உருளையின் அமுக்கமும் கூடும். இவ்வாயு வளியினும் பாரமானது. கசிந்தால் மேலெழாது தரையில் தவழ்ந்து தேங்கும். எனவே தாழ்வான காற்றுவழி அவசியம். இயல்பில் மணமற்ற இதற்கு, கசிவு தெரியும்பொருட்டு நாற்றப்பொருள் கலக்கப்படுகின்றது. நாற்றம் தெரிந்தால் மின்குமிழைப் போடவோ அணைக்கவோ கூடாது. கதவு யன்னல்களைத் திறந்து, உருளைத் திருகை மூடி வெளியேறுவதே முறை. கசிவைத் தேடுவது சவர்க்கார நுரையால், தீக்குச்சியால் அன்று.

இவ்வுருளையைக் காஸ் விளக்குடன் ஒப்பிடுவோம். விளக்கிற்கு அமுக்கமானி இருந்தது. வீட்டு உருளைக்கு இல்லை. விளக்கில் அமுக்கத்தை ஏற்றியவர் அதனை அருகிருந்து பார்த்தவர். உருளையில் அடைத்தவர் தொலைவிலுள்ளார். விளக்கின் எண்ணெயை ஊற்றுபவர் முகர்ந்தறிந்தார். உருளையின் கலவை விகிதத்தை எத்தகைய இல்லத்தரசியாலும் அறிய இயலாது.

இவ்வேறுபாட்டின் விலை 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெளிப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு உருளை சார்ந்த வெடிப்புகளும் தீயும் அடுத்தடுத்து நேர்ந்தன, உயிரிழப்பும் ஏற்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகேயின் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, உருளைகளிலிருந்த வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டமையே பிரதான காரணம் எனக் கண்டது. மக்கள் உருளைகளை முற்றத்தில் வைத்து நுரை பூசிப் பார்த்தனர். அது அச்சத்தின் செயல் மட்டுமன்று. இழந்த புலனறிவை மீண்டும் பெற முயன்ற செயலாகவும் நாம் அதனைக் கொள்ளலாம். அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வாயுவே கிடைக்காது நீண்ட வரிசைகள் தோன்றியமையால், முந்திய ஆண்டின் பாடம் விரைவில் மறக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் மூன்று.

முதலாவது, விபத்தைக் கையாள்பவரின் கவனக்குறைவு என்று மட்டும் கூறி முடிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. காஸ் விளக்குக் காலத்தில் அது ஓரளவு பொருந்தலாம். ஏனெனில் அறியத்தக்க அனைத்தும் அவர் கண்முன் இருந்தன. இன்றைய உருளைக்கு அது பொருந்தாது. இந்நாட்டில் குப்பி விளக்கால் எரிகாயமுற்றோரைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மக்களைக் குறைகூறுவதோடு நில்லாது, குட்டையான, பாரமான, திருகுமூடியுள்ள ‘சுதீப’ விளக்கை அமைத்தார். அப்பணிக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கருவியைத் திருத்துவதே மனிதரைக் காப்பதற்கு உறுதியான வழி என்பதற்கு இது எம் நாட்டுச் சான்று.

இரண்டாவது, சட்டத்தின் எல்லை தொழிலின் எல்லையோடு பொருந்தவேண்டும். 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் தோன்றியுள்ளது. எனினும் வீதியோர டயர்க் கடையின் தாங்கியைச் சோதிக்க அருகில் ஆள் இருத்தல் வேண்டும். கல்முனை மாநகர சபையும் அயலிலுள்ள பிரதேச சபைகளும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துடன் இணைந்து, ஆண்டுக்கொரு முறை நீரமுக்கச் சோதனையைக் குறைந்த செலவில் நடத்துதல் அரிய காரியமன்று. தண்டனைக்கு அஞ்சித் தாங்கியை மறைப்பவர், உதவியெனக் கண்டால் தாமே கொண்டுவருவார்.

மூன்றாவது, மொழி. வளித்தாங்கியின் தகட்டிலும் உருளையின் கழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளவை பெரும்பாலும் ஆங்கிலமோ பிற அயன்மொழியோ ஆகும். அவற்றை நாள்தோறும் தொடும் இளைஞன் தமிழில் ‘இறாத்தல்’ என்கின்றான். தகடு வேறோர் அளவில் வேறோர் எண்ணைக் காட்டுகின்றது. பாஸின் வாய்மொழியிலுள்ள அறிவையும் சட்டநூலிலுள்ள விதியையும், இப்பிரதேச மக்கள் வழங்கும் சொற்களாலேயே ஒரு சிறுநூலாக்கிப் பட்டறைதோறும் தொங்கவிடுதல் தமிழ் கற்றோர் செய்யத்தக்க பணி. தமிழியல் ஆய்வு இலக்கிய இலக்கணத்தோடு நின்றுவிடாது இத்துறைக்கும் நீளவேண்டும் என்பது எம் கருத்து.

விளக்கின் மூடியைத் திறக்குமுன் ‘உஸ்’ என்ற ஒலி அடங்கும்வரை காத்திருந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கின்றது. அவர்கள் காத்திருந்தது சில கணங்களே. அக்கணங்களில் அவர்களது கல்வி முழுவதும் அடங்கியிருந்தது. ஒலியெழுப்பாத கலங்களோடு வாழும் இத்தலைமுறைக்கு அக்கல்வி எழுத்தாகவும் சட்டமாகவும் சோதனையாகவும் மாற்றிக் கையளிக்கப்படல் வேண்டும்.